பதினொரு திருத்தம்

“நீ கள்ளப் பகடை போடுற, நௌஃபர்!”

ஹுனைஸ் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.

வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், பாலாவியில் நௌஃபர் கணினி வகுப்பு நடத்தும் அறையில் நாலு கூட்டாளிகளும் கூடிவிடுவார்கள். நௌஃபர் கதை சொல்லுவான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள்ளே ஆளுக்கொரு வேடம். ஜெயந்தன் வைத்தியன், அஃப்ராஸ் கள்ளன், ஹுனைஸ் படகோட்டி. ஆபத்து வந்தால் தப்புவார்களா இல்லையா என்று லெப்டொப்பில் இருக்கும் மென்பொருள் பகடை உருட்டிச் சொல்லும். அந்தத் திரை நௌஃபருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றைக்குக் கதையில் புயல். மூவருக்கும் பகடை உருண்டது. நௌஃபர் ஏதோ அவசரமாகத் தட்டியதை ஹுனைஸ் கண்டுவிட்டான்.

உப்பளத்தில் மூட்டை நிறுக்கிறவன் அவன். அரைக் கிலோ பிசகினாலும் விடமாட்டான்.

“ஆருக்காக மாத்தின? ஜெயந்தனுக்கா? கிழமை தவறாம எங்களுக்குத் தின்ன ரோல்ஸ் வாங்கிட்டு வாறான் எண்டதுக்கா?”

“டேய், என்ன கதை கதைக்கிறாய்!” என்றான் ஜெயந்தன்.

“அப்ப பதிவைக் காட்டட்டும். எதை மாத்தினாலும் அதில விழும் எண்டு இவன்தானே சொன்னான்.”

நௌஃபர் லெப்டொப்பை மூடப் பார்த்தான். “வேணாம் மச்சான். விளையாட்டுத்தானே, விடு.”

“இதில பொய் சொன்னவனை வேற எதில நம்புற?”

அஃப்ராஸ் கையைப் பிடித்தான். ஹுனைஸ் உதறிவிட்டு லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினான்.

நீளமான பட்டியல். நடுநடுவே சிவப்பில் ‘திருத்தப்பட்டது’ என்று பதினொரு இடம்.

ஜெயந்தனின் பெயர் ஒன்றில்கூட இல்லை. அஃப்ராஸின் பெயரும் இல்லை.

பதினொன்றும் ஹுனைஸ்.

“எனக்கா? நான் ஒன்னட்ட கேட்டனா?”

அவன் திரும்பவும் வாசித்தான். பதினொரு தரமும் பகடை சொன்னது, ‘படகு கவிழ்ந்தது’. பதினொரு தரமும் நௌஃபர் மாற்றியது, ‘கரை சேர்ந்தது’.

“ஏன்டா?” அவன் குரல் இறங்கிவிட்டது.

ஜெயந்தன்தான் கிட்ட வந்து, தோளில் கை வைத்துச் சொன்னான்.

“உன்ட தம்பி கடலுக்குப் போய் வராமப் போனதுக்குப் பிறகு, உன்ட படகைக் கவிழ விடுறதில்லை எண்டு நாங்கள் மூண்டு பேரும் பேசி வச்சிருக்கிறம், மச்சான்.”