டைல்ஸ்காரர் கேட்ட இடைவெளி

“விட்டு விட்டே போடுங்க மேடம்” என்றார் டைல்ஸ் மேஸ்திரி.

கட்டட வேலைகளுக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்த பிளானிங் மேடத்தின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட மேஸ்திரி ஒருவர்கூட இல்லை.

விஷயம் இதுதான். ஆறு மாடிக் கட்டடம். பிளம்பர் ஆட்கள் மாடி மாடியாகக் குழாய் பதித்துக்கொண்டு மேலே போவார்கள். அவர்கள் முடித்த மாடியில்தான் டைல்ஸ் ஒட்ட முடியும். டைல்ஸ் வேலையோ குழாய் வேலையைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆகவே இரண்டு வழி. பிளம்பர் மூட்டை கட்டுகிற சமயமாகப் பார்த்து வந்தால், கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டுப் போகலாம். இப்போதே ஆரம்பித்தால், ஒவ்வொரு மாடியையும் முடித்துவிட்டு அடுத்தது கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எப்படிப் போனாலும் கடைசி மாடி முடிகிற தேதி ஒன்றுதான்.

சும்மா உட்காருகிற நாட்களின் கூலி உங்கள் தலையில்தான் விழும் என்று எடுத்துச் சொன்னாள். தெரியும் என்றார். அதற்குள் வேறு சைட்டில் ஒரு வேலை பார்த்துவிட்டு வரலாமே என்றாள். வேண்டாம் என்றார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். காத்திருக்கிற நாட்களில் பிளம்பரும் சைட்டில்தானே இருப்பார்?

பின்னே, அவர் முடிக்கத்தானே காத்திருப்பது என்றாள். இடது புருவத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து போய்விட்டார்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அவளுக்கு மண்டை குடைந்தது.

ஸ்டோர் கீப்பரைக் கேட்டாள். வேறு வேலை சிக்கியிருக்காது என்றார். அதெப்படி, போன வாரம்தான் ஒரு பெரிய வேலையை மேஸ்திரி வேண்டாம் என்றது அவளுக்கே தெரியும். பக்கத்தில் நின்று பிளம்பரை விரட்டப் பார்க்கிறாரோ? அந்த ஆளை யாரும் விரட்டவே வேண்டாம், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவர்.

என்னவோ போ என்று மேஸ்திரி கேட்டபடியே மாற்றினாள். திரையில் டைல்ஸ் வேலைக்கென்று நீளமாகக் கிடந்த ஒற்றைக் கோடு துண்டு துண்டானது.

மத்தியானம் பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினாள். உங்கள் பின்னாலேயே டைல்ஸ் வருகிறது, மாடிக்கு மாடி உங்களுக்காகக் காத்து நிற்பார்கள், சொன்ன நாளில் தந்துவிட வேண்டும் என்றாள். ஒரு நாள் முன்னாலேயே தருகிறேன் என்று மார்தட்டுகிற ஆள் அவர்.

அன்றைக்குத் தட்டவில்லை. டைல்ஸ் யார் என்று கேட்டார். சொன்னாள்.

ஒரே மூச்சில் முடிக்க வழியே இல்லையா என்றார். இருக்கிறது, அவராகத்தான் இப்படிக் கேட்டு வாங்கினார் என்றாள்.

பிளம்பர் அந்தத் துண்டுக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது புருவத்தைச் சொறிந்தார். பேச்சு நின்று ஏழு வருடமாகிறது என்றார். யாரோடு என்று அவள் கேட்பதற்குள் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க அண்ணன் லேசுல வாயத் தொறக்க மாட்டாரு மேடம். மாடிக்கு ஒரு நாள் எனக்குக் கூட்டிப் போடுங்க.”