முதல் மூட்டை

ரோஜாப் பூங்கொத்தை இரண்டு கையாலும் நீட்டிய தமிழ்மதி, அருள்செல்வனை நன்றாகக் குனிந்து கும்பிட்டாள். சாயப்பட்டறை முதலாளி பூரித்துப் போனார்.

“நல்லா இரு கண்ணு. லீவு நாள்ல ஊர் வாய்க்காலைச் சுத்தம் பண்ண வந்திருக்கீங்க. யாருக்கு வரும் இந்த மனசு?”

“எல்லாம் ஐயாவைப் பாத்துக் கத்துக்கிட்டதுங்க.”

மேடைக்குக் கீழே மண்வெட்டியுடன் நின்ற ராபினுக்குக் காது எரிந்தது. அவனும் தமிழ்மதியும் பிளஸ் ஒன். பள்ளியின் என்.எஸ்.எஸ். முகாமுக்கு இவள்தான் லீடர். சிறப்பு விருந்தினராக இந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று சாரிடம் அடம்பிடித்ததும் இவள்தான்.

இறங்கி வந்தவளை மறித்தான். “ஒங்க கெணத்தக் கெடுத்த ஆளுக்குப் பூ குடுக்கியே, வெக்கமா இல்ல? ஒங்கப்பா பாத்தா என்ன சொல்லுவாரு?”

“அப்பா இப்பெல்லாம் எதுவுமே சொல்றதில்ல ராபின்.”

உண்மைதான். மழை பெய்யும்போதெல்லாம் அவர்கள் கிணறு சிவந்தது. மழையோடு மழையாகப் பட்டறையில் சாயத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள் என்று அப்பா மனு கொடுத்தார். சோதனைக்கு வந்த அதிகாரி சுப்பையன் பட்டறையில் காபி குடித்தார். கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“செம்மண் கரைஞ்சு வருது. இதுக்குப் போய் மனுவா?”

அருள்செல்வன் ஊருக்கே கேட்கச் சிரித்தார். “ஏனுங்க, சாயத்துக்கும் செம்மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாம எப்படிங்க தோட்டம் பண்றீங்க?”

கூடி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் ‘செம்மண்ணு’ என்று பெயர். தென்னை காய்ந்தது. மாடுகளை விற்றார்கள். அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் பெட்டியைப் பிடித்தார்.

அந்தச் சுப்பையனும் இன்று மேடையில் உட்கார்ந்திருந்தார். அவரை அழைக்கச் சொன்னதும் தமிழ்மதிதான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். அவிநாசிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“ஐயா, கரை அரிச்சுக் கெடக்குதுங்க. மூட்டை அடுக்கப் போறோம். மொத மூட்டைய உங்க கையாலதான் வெக்கோணும்.”

அருள்செல்வன் மூட்டையை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. “என்ன கண்ணு, மண்ணு போடலையா?”

“மண்ணு கரைஞ்சிருங்க. இது பனியன் வேஸ்ட்டு. தண்ணி பட்டா உப்பி, கெட்டியாப் புடிச்சுக்கும்.”

“கெட்டிக்காரப் புள்ள. பாத்தீங்களா சார்?” என்று சுப்பையனைப் பார்த்துச் சிரித்தார்.

கரையில் புல் மண்டிய ஓர் இடத்தைத் தமிழ்மதி காட்டினாள். முதலாளி மூட்டையைத் தூக்கினார். விழாவுக்கு வந்திருந்த பத்திரிகை நிருபர் காமிராவைத் தூக்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டறை மேனேஜர் மூக்கையா ஓடிவந்தார்.

“மொதலாளி, ஒரு நிமிசம் இங்குட்டு வாங்க. அந்த எடம் வேணாம்...”

“போட்டோ எடுக்கறப்பக் குறுக்க வராதீங்க மூக்கையா. தூறல் போடுது பாருங்க, சாருக்குக் குடையப் புடிங்க.”

மூட்டை புல்லுக்குள் விழுந்தது. கைதட்டல். பிள்ளைகள் மளமளவென்று அதன்மேல் மற்ற மூட்டைகளை அடுக்கிக் கல்லையும் ஏற்றினார்கள். ராபின் மட்டும் ஒரு கல்லையும் தொடவில்லை. மூக்கையா குடையைப் பிடித்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

மதியம் மழை வலுத்தது. முதலாளி வீட்டில்தான் சாப்பாடு. அதுவும் தமிழ்மதி கேட்டுக்கொண்டதுதான். பட்டறையும் புது பங்களாவும் ஒரே காம்பவுண்டு. சுப்பையனுக்குக் குடை பிடித்தபடியே மூக்கையாவும் வந்து சேர்ந்தார்.

தகரக் கொட்டகையில் இலை போட்டாயிற்று. இத்தனை பேர் கை கழுவ வேண்டுமே என்று தண்ணீர் மோட்டார் நிற்காமல் ஓடியது. சுப்பையன் எழுந்து குழாயைத் திறந்தார். தமிழ்மதி துண்டுடன் பக்கத்தில் போய் நின்றாள்.

குழாயிலிருந்து ரத்தச் சிவப்பாகக் கொட்டியது.

சுப்பையன் துள்ளிப் பின்வாங்கினார். வெள்ளைச் சட்டையின் கை முழங்கை வரை சிவந்திருந்தது. “என்ன அருள்செல்வன் இது?”

மூக்கையா குடையைக் கீழே போட்டார். முதலாளியின் காதில் அவர் பதறிச் சொன்னது பந்தி முழுவதற்கும் கேட்டது.

“இதத்தான மொதலாளி சொல்ல வந்தேன். நம்ம சாயக் கொழா வாயிலயே மூட்டையப் போட்டுட்டீங்க. மழை வந்ததும் பயலுக வழக்கம்போலத் தொறந்து விட்டுட்டானுக. போக வழியில்லாம திரும்பி வந்து, தரைக்கு அடியில இருக்கற நம்ம தண்ணித் தொட்டிக்குள்ளயே எறங்கிருச்சு.”

நிருபரின் காமிரா மறுபடி உயர்ந்தது. அருள்செல்வன் சுப்பையனைப் பார்த்தார். சுப்பையன் தன் கையைப் பார்த்தார். ராபின் தமிழ்மதியைப் பார்த்தான்.

அவள் துண்டை நீட்டினாள், காலையில் பூங்கொத்தை நீட்டிய அதே பணிவோடு.

“பயப்படாதீங்க சார். வெறும் செம்மண்ணுதானுங்க.”