கீல் பூசிய குவளை

ஜன்னல் வழியே தேம்ஸ் நதியின் ஈர வெளிச்சம் கட்டில்மேல் அசைகிறது. கீழே பட்டறையில், வடிவம் குலையாதிருக்க மணல் இடித்து நிரப்பிய தோல் குவளைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒழுகாமலிருக்க உள்ளே பூசும், தார்போன்ற கீல், சட்டியில் இறுகிக் கிடக்கிறது. அதைக் காய்ச்ச வேண்டிய ஆம்ப்ரோஸ் மாடியில் காய்ச்சலில் கிடக்கிறார். “சிசிலி, பீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வாடி.” மரக்கிண்ணத்தில் சூடாகக் கொண்டுவந்து நீட்டிய மனைவியின் கையைத் தள்ளிவிடுகிறார். “என் குவளைல ஊத்துன்னேன்ல?” சூடு பட்டால் கீல் உருகிவிடும். குவளை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனுஷன் இவர்: “சூடா எதையும் ஊத்திடாதீங்கய்யா! அப்புறம் கீலைத்தான் குடிப்பீங்க!” போன வாரம்கூட, அப்படி ஊற்றிக் கெடுத்த படகுக்காரன் ஒருவனை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். “விளையாடுறீங்களா?” என்று கேட்டு அவர் முகத்தைப் பார்க்கிறாள். விளையாட்டில்லை. கண்கள் கூரையில் எதையோ தேடுகின்றன. “சூடா,” என்கிறார், குழந்தை கேட்பதுபோல. ஆணியில் தொங்கும் அவருடைய கறுத்த குவளையை எடுக்கிறாள். தையலோரத்தில் அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளம் பளபளக்கிறது. மூலையிலிருக்கும் பீப்பாயைத் திறந்து, சில்லென்ற பீரைப் பிடித்து வந்து நீட்டுகிறாள். “இந்தாங்க.” இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறார். உதட்டருகே கொண்டுபோய், ஆறட்டுமென்று ஊதுகிறார். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் ஊதுகிறார்.