அதிர்ஷ்ட எண் பத்தொன்பது

“இன்றைய அதிர்ஷ்ட எண்... பத்தொன்பது!”

ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் அறிவித்ததும் வகுப்பே என்னைப் பார்த்துக் கைதட்டியது.

தினமும் காலையில் அவர் பெட்டியிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார். வருகைப் பதிவேட்டில் அந்த எண் யாருடையதோ, அவரிடம் அன்று எந்த ஆசிரியரும் கேள்வி கேட்கக் கூடாது. என் எண் பத்தொன்பது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னே? ட்யூஷனுக்கு வழியில்லாதவள், மலைபோலக் குவிந்த வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, விடிய விடிய வேதியியல் படித்திருக்கிறேன். இன்றைய வாய்மொழித் தேர்வில் பதில் சொன்னால்தான் நான் பாஸ்.

“டீச்சர், என்னைக் கேளுங்க!”

“ரூல்னா ரூல்தான், யக்னா. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. பேசாம தூங்கு,” என்றார் வேதியியல் எடுக்கும் பெனெக் டீச்சர்.

“தூங்க விடாம வீட்டுப்பாடத்தைக் கொட்டினது யாராம்?”

டீச்சர் என்னை முறைத்தார். பிறகு இறங்கி வந்தார்.

“சரி, நாளைக்குக் கேக்கறேன். அதுதான் கடைசி நாள். அப்புறம் மார்க்கைத் திருத்த முடியாது.”

போன உயிர் திரும்பியது. உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த கச்பெர் என் காதைக் கடித்தான். மாணவர் மன்றத்தில் சீட்டெழுதிப் பெட்டியை நிரப்புவது அவன் வேலை.

“லூசு, எதுக்குடி சண்டை? நீ தூங்கி வழியறதைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. பெட்டி முழுக்கப் பத்தொன்பதாவே எழுதிப் போட்டு, பூட்டி, சாவியையும் ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்துட்டேன். இனி அவர் கையை எங்க விட்டாலும் நீதான்!”