போகிறவர்கள் பெயர்

கடிதத்தில் மூன்றே பெயர்கள் இருந்தன.

லியோன். மூத்த மகள் ஷெரின். இளையவள் ஜாஸ்பின்.

அமலராணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"என் பேரு விட்டுப்போச்சு சாமி" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

ஆவூர்ப் பக்கம் ஒரு குடும்பம் ஊர் மாறினால் மாதா கோயில் பங்குச்சாமியிடம் கடிதம் வாங்கிப்போவது வழக்கம். திருச்சியில் அவள் தேர்ந்தெடுத்த கன்னியர் பள்ளியிலும் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

தேர்ந்தெடுத்தது சும்மாவா? வீடும் பள்ளியும் தேடி இரண்டு மாதம் நாய் படாத பாடு பட்டாள். ஒரு நகரில் தண்ணீர் உப்பு. இன்னொன்றில் பள்ளிக்கூடம் நல்லது, ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். பஸ் ஏறி ஏறிக் கண்டக்டர்களுக்கே அவள் முகம் பழகிப்போனது.

புருஷன் லியோன் ஒருநாளும் கூட வரவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே விசாரிப்பான். ஸ்கூலில் மத்தியானச் சோறு கொடுப்பார்களா? வேன் வாசலுக்கு வருமா? சமைத்துப்போட ஆள் கிடைக்குமா?

பொண்டாட்டிக்கு வேலை குறையட்டும் என்று நினைக்கிறானே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பக்கத்து வீட்டு அடைக்கலமேரியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள், அசடு.

அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஷெரின் கால் பிடித்துவிடுவாள்.

சாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"விட்டுப்போகலம்மா. படுக்கையில கெடக்குற மாமியாரைப் பாத்துக்கிட்டு நீங்க இங்கிட்டே இருக்கப்போறதாத்தான் எழுதிக் குடுத்தாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்."

மாமியாரைக் கூட்டிப்போகத்தான் அவள் மாடி வீடே வேண்டாமென்று கீழ்வீடாகத் தேடினாள். சக்கர நாற்காலி நுழையுமா என்று பாத்ரூம் கதவைச் சாணளந்து பார்த்தாள்.

குழம்பு கொதிக்கும்வரை கறிவேப்பிலை வேண்டும். சாப்பிடும்போது இலையோரம்.

சாமி விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் லியோனின் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். அவள் முதல் வீடு பார்க்கப் போனதற்கு முந்தின வாரம்.

அவனை வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தாள். அதற்குள் கண் கையெழுத்துக்கு மேலே போய்விட்டது.

கோடு போட்ட நோட்டுத்தாள். நடுவில் ஒரு வரி. 'அம்மா ஊரிலேயே இருப்பார்' என்று எழுதி, 'அம்மா'வை அடித்துவிட்டு, மேலே 'என் மனைவி' என்று திருத்தியிருந்தது.

அவள் கைபிடித்துப் பழக்கிய குண்டு எழுத்து. ஷெரினுடையது.