ரெட்டை மடக்கு

“போலி, பாண்டி. சுத்தப் போலி” என்றார் முத்தரசு, கண்ணை இமைக்காமல்.

பாண்டிமுருகனின் முகம் தொங்கிப்போயிற்று.

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற கத்திக் கூட்டம் அது. பயப்பட வேண்டாம். வெட்டுக்குத்து ஆட்கள் இல்லை. பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்க்கிற பைத்தியங்கள். முத்தரசு சாக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். பாண்டிமுருகன் பஸ் கண்டக்டர். வீரணன் பள்ளிக்கூட வாத்தியார். எது அசல், எது போலி என்று முத்தரசு சொல்லிவிட்டால் அதற்கு அப்பீலே கிடையாது.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றார் பாண்டிமுருகன்.

பெஞ்சில் கிடந்த கத்தியை முத்தரசு மறுபடி எடுத்தார். இரண்டு அலகு. எருமைக் கொம்புப் பிடி. பித்தளை ஆணி. மடக்கினால் ‘டக்’கென்று ஒரே சத்தம். பர்மாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ரெட்டை மடக்கு. அசலிலும் அசல். எத்தனையோ வருஷமாக அவர் தேடி அலைகிற சாமான்.

“ஏது இது?”

“இளையாத்தங்குடியில எறங்குன ஒரு பெரியவரு. ‘நீ கத்தி சேக்குறியாமே’ன்னு சீட்டுல வச்சுட்டு எறங்கிட்டாக. கைக்குக் கை குடுத்தா சிநேகம் அறுந்துரும்ல?”

அந்தப் பக்கத்தில் கத்தியை யாரும் கையில் கொடுப்பதில்லை. ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். இவர்களும் பெஞ்சில் வைத்துத்தான் மாற்றிக்கொள்வார்கள்.

முத்தரசுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பஸ்ஸில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனுக்குக் கத்தி தானாக வந்து மடியில் விழுகிறது. நாள் முழுக்க உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனைத் தேடி வருகிறவன், யூரியா இருக்கா என்றுதான் கேட்கிறான்.

“பிடி கொம்பே இல்லப்பா. பிளாஸ்டிக்கு” என்றார்.

வீரணன் குறுக்கே வந்தார். “ஒரு ஊசியைக் காச்சி வச்சுப் பாத்துருவமே? கொம்புன்னா முடி கருகுன வாடை வரும். பிளாஸ்டிக்குன்னா உருகும்.”

“அப்ப நான் சொன்னா பத்தாதாக்கும்?”

வீரணன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்.

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பாண்டிமுருகன் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார். அது வேறு முத்தரசுக்கு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை.

“என்ன, பெசைஞ்சுக்கிட்டே இருக்கீக?” என்றாள் மனைவி சித்ரா.

“பாண்டிக்கு ஒரு பர்மாக் கத்தி கெடச்சிருக்கு.”

“நல்லதுதானே? உங்க சிநேகிதக்காரருதானே?”

அதுதான் வலித்தது. வேறு எவனுக்காவது கிடைத்திருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறந்திருப்பார். சிநேகிதனுக்குக் கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. இதை எப்படிப் பெண்டாட்டியிடம் சொல்வது? “ரசத்தை ஊத்து” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாண்டிமுருகன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“அந்தப் போலியை நேத்து செந்தாமரை கடையில போட்டுட்டேண்ணே. வீட்டுல வச்சு என்ன செய்ய?”

முத்தரசுக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை. கடையைத் திறக்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் மனசு குறுகுறுத்தது. நான் திருடவா செய்கிறேன், அவன் வேண்டாமென்று போட்டதைத்தானே எடுக்கப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செந்தாமரை பழைய சாமான் கடை வைத்திருக்கிறவள். அவரைப் பார்த்ததும், அவர் கேட்காமலே, ரெட்டை மடக்கை எடுத்துக் கல்லா மேசையில் வைத்தாள்.

“போலிதான். சும்மா ஆசைக்கு ஒண்ணு கெடக்கட்டும்னு வந்தேன்” என்றார் முத்தரசு. “என்ன வெலை சொல்ற?”

“வெலையெல்லாம் இல்லண்ணே. எடுத்துக்கிருங்க. நீங்க வருவீகன்னு சொல்லித்தான் பாண்டியண்ணன் வச்சுட்டுப் போனாக.”

“நான் வருவேன்னா?”

“‘அண்ணனுக்கு இதுமேல உசுரு. பாத்தப்பவே கண்ணு காட்டிக்குடுத்துருச்சு. போலின்னு வாயால சொல்லிட்டாக, இனிமே பெஞ்சுல வச்சா எடுக்க மாட்டாக. இங்க கெடந்தா எடுத்துக்கிருவாக’ன்னாக.”

முத்தரசு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடியின் அடிப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குச் சுட்ட புள்ளி ஒன்று. போன வாரம் அது இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். லேசாக, முடி கருகிய வாடை.

“இதை… யாரு வச்சுப் பாத்தது?”

“பாண்டியண்ணன்தான். இந்தா, இங்குட்டு உக்காந்துதான் ஊசியைக் காச்சினாக.” செந்தாமரை குரலைத் தணித்துக்கொண்டாள். “‘இது மட்டும் வீரணன் வாத்தியாருக்குத் தெரிஞ்சிரக் கூடாதும்மா. தெரிஞ்சா அப்பறம் எங்க அண்ணன் சொல்லை எவன் நம்புவான்?’னு, ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாக.”