ஜின்சி காட்டாத எண்

"லே லிஜின், உனக்க அக்கா இருக்கிற வரைக்கும் உனக்க ஆளு சாவ மாட்டான்!" ஹெட்போனில் டைட்டஸ் சிரித்தான். "அவளாக்கும் டைஸை மறைச்சு உருட்டுகா. பூதம் அடிக்கது உனக்கு எப்பவும் தப்பிப் போவுது, கேட்டியா?"

லிஜினுக்குக் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடும் ஆனபிறகு நாலு பேர் ஸ்கைப்பில் கூடி ஆடும் ஆட்டம் அது. திருவட்டாறு வீட்டில் ஜின்சியும் தம்பி லிஜினும் ஆளுக்கொரு அறையில். கோயம்புத்தூரில் அனிஷ். பிறகு, சவுதிக்கு வேலைக்குப் போன டைட்டஸ்.

ஜின்சி கதை சொல்வாள். மற்ற மூன்று பேருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வீரன். பூதம் தாக்கினால் கம்ப்யூட்டரில் இருபது முக டைஸ் உருளும். பதினைந்துக்கு மேல் விழுந்தால் அடி பட்டது, வீரன் செத்தான் என்று அர்த்தம். அந்த எண் ஜின்சியின் திரையில் மட்டும்தான் தெரியும். அவள் 'பட்டது' என்றால் பட்டது. 'தப்பிச்சு' என்றால் தப்பித்தது.

நாலு வாரமாக டைட்டஸ் இதையே சொல்லிக் கேலி செய்கிறான். இன்றைக்கு அனிஷும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"அக்கா, எண்ணைக் காட்டு," என்றான் லிஜின்.

"காட்ட மாட்டேன். ஆட்டத்தைப் பாரு."

"இப்பக் காட்டு. எல்லாருக்கும் தெரியுத மாதிரி காட்டு!"

"முடியாதுன்னு சொன்னேன்லா?"

"பாத்தியா, பாத்தியா!" டைட்டஸ் கூவினான். "உள்ளபடியே எண்ணைச் சொன்னா காட்டதுக்கு என்ன? நான் பறஞ்சது சரிதான்!"

லிஜின் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தான். அக்காவின் அறைக் கதவைக் காலால் தள்ளினான்.

ஜின்சி சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"நான் உங்கிட்ட இரக்கம் கேட்டேனா? எனக்க ஆளு செத்தா செத்துட்டுப் போறான். நீ யாரு காப்பாத்ததுக்கு?"

"மெதுவா பேசு."

"பேச மாட்டேன்! வாரா வாரம் அவன் என்னைக் கேவலப்படுத்துகான், நீ கல்லு மாதிரி இருக்க!"

"உனக்கு ஒரு தடவைகூட நான் மாத்தல."

"பொய்!"

ஜின்சிக்கும் கோபம் வந்துவிட்டது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். மூன்று மாதத்தில் அவள் மறைத்து உருட்டிய எண்கள் எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன.

"பாரு. நல்லா கண்ணத் தொறந்து பாரு."

லிஜின் பார்த்தான். அவன் பெயருக்கு நேராக ஆறு, மூன்று, பதினொன்று, நான்கு. எல்லாமே சின்ன எண். அத்தனையும் அவனுடைய சொந்த அதிர்ஷ்டம்தான்.

டைட்டஸ் பெயருக்கு நேராகப் பதினெட்டு, இருபது, பத்தொன்பது, மறுபடியும் இருபது.

"இதுக்கெல்லாம் நீ என்ன சொன்ன?"

"தப்பிச்சுன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"இன்னைக்கு உள்ளதையும் சேத்தா பத்து."

"அப்ப பத்து தடவை செத்தவன் என்னைச் சிரிக்கானா? இரு, இப்பவே போய்ச் சொல்லுகேன். அனிஷும் கேக்கட்டு!"

"சொல்லு. ஆனா சொல்லதுக்கு முன்ன இதையும் கேட்டுட்டுப் போ." என்றாள் ஜின்சி. "டைட்டஸ் அண்ணன் இப்ப சவுதில இல்ல. கம்பெனியைப் பூட்டி ஆள அனுப்பியாச்சு. ஏழு மாசமா இங்க பக்கத்துல கருங்கல் ஊருல, சொந்த வீட்டுலதான் இருக்காரு."

"போன வாரம்கூட சவுதில, தம்மாம்ல வெயில் கொளுத்துகுன்னு சொன்னாரே?"

"ஊருல யாருக்கும் முகம் காட்டதுக்கு வெக்கம். அறையை விட்டு வெளியே வாரதில்ல. முதல்ல ஒரு தடவை விழுந்த எண்ணை அப்படியே சொல்லி அவருக்க வீரனைச் சாவ விட்டேன். அதுக்குப் பெறகு நாலு நாள் அன்னம் தண்ணி தொடல. குளோரி போன்ல அழுதா."

குளோரி, டைட்டஸின் மனைவி. ஜின்சியோடு கல்லூரியில் படித்தவள்.

"எண்ணை மாத்திச் சொல்லுன்னு அவ கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கல. 'இந்த வீட்டுல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அவருக்க சத்தம் கேக்கும்'னு சொல்லிட்டு வச்சுட்டா."

லிஜின் சுவரைப் பார்த்து நின்றான்.

"அதுக்கு? அவரு சத்தம் போடணும்னா நான் மானம் கெடணுமா?"

"நான் அப்படிச் சொல்லல. கள்ளத்தனம் செய்யுகேன்னு எனக்கும்தான் பேரு. உனக்குச் சொல்லணும்னு தோணினா போய்ச் சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

லிஜின் கதவை அறைந்து சாத்திவிட்டுத் தன் அறைக்கு வந்தான். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. டைட்டஸ் மேல் கோபம், அக்கா மேல் கோபம். இதையெல்லாம் ஏன் கேட்டோம் என்று தன் மேலும் கோபம்.

ஹெட்போனை எடுத்து மாட்டினான்.

"என்ன மக்கா, அக்காகிட்ட கேட்டியா?" டைட்டஸின் சத்தம் காதைக் கிழித்தது. "உள்ளதச் சொல்லு. டைஸை மாத்தினாளா, இல்லியா?"

அனிஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

லிஜின் பல்லைக் கடித்தான்.

"மாத்தியிருக்கா அண்ணே," என்றான். "எல்லாம் எனக்காகத்தான்."